ஊர் குரூப், காலனி குரூப் அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி மாவட்டத்தில் ஊர் பேரிலும் தெரு பேரிலும் சாதி பேரிலும் வாட்ஸ்அப் குரூப் நடத்தும் அண்ணன் தம்பிகளுக்கு,

வணக்கம். தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகிற ரோட்டில் செல்போன் ரிப்பேர், ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். உங்களில் சில பேர் போனுக்கு டெம்பர் ஒட்டிக்கொடுத்ததே நானாக இருக்கலாம். சாதி, சண்டை, சமாதானம் என்றால் எல்லாரும் கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும்தான் மனு எழுதுவார்கள். கலெக்டர் இரண்டு மூன்று வருஷத்தில் மாற்றலாகிப் போய்விடுவார். நீங்கள் போக மாட்டீர்கள். குரூப் ஆரம்பித்த நாளிலிருந்து நீங்கள்தான் அட்மின். அதனால் இது உங்களுக்கு.

என் கடைக்கு ஊரிலிருந்தும் வருவார்கள், காலனியிலிருந்தும் வருவார்கள். "ஸ்டோரேஜ் ஃபுல்லுனு காட்டுது, கொஞ்சம் பாருண்ணா" என்று போனை நீட்டுவார்கள். குட்மார்னிங் படம், சாமி படம், பத்துத் தடவை வந்த அதே வீடியோ எல்லாவற்றையும் அழித்துக் கொடுப்பேன். அடுத்தவர் மெசேஜைப் படிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. படித்தால் கடை நடக்காது. ஆனால் குரூப் பெயர்கள் கண்ணில் படாமல் போகாது. மகளிர் குழு, பால் சொசைட்டி, பிள்ளை படிக்கிற ஸ்கூல், கட்சி, இவற்றோடு ஊர் பேர் போட்ட குரூப் ஒன்று கட்டாயம் இருக்கும். ஒரே ஊர் பேரில் இரண்டு குரூப் இருப்பதுதான் நம்ம பக்கத்து விசேஷம். ஒன்றில் மாரியம்மன் படம், இன்னொன்றில் அம்பேத்கர் படம். 'ஊர் பொதுமக்கள்' என்று பெயர் வைத்த குரூப்பில் காலனியிலிருந்து ஒரு நம்பர் இருக்காது. காலனி குரூப்பில் ஊர்க்காரர் நம்பர் இருக்காது. இரண்டிலும் இருக்கிற ஒரே ஆள் பஞ்சாயத்து கிளார்க். பாவம், ஒரே மெசேஜை இரண்டு தடவை போடுவார்.

ஒரு மழைக்காலத்தில் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோய் ஊருக்கும் காலனிக்கும் சேர்த்தே கரண்ட் இல்லை. போன் சார்ஜ் போட என் கடையில்தான் கூட்டம், கடை வேறு லைன். காலையில் வந்த ஒருத்தர் போனில் அந்த டிரான்ஸ்பார்மர் போட்டோவைக் காட்டினார். கீழே, 'காலனிக்காரன் கொக்கி போட்டதால் வந்த வினை' என்று எழுதியிருந்தது. மதியம் இன்னொருத்தர் வந்தார். அதே போட்டோ, அதே கோணம், ஓரத்தில் அதே வேப்பங்கிளை. கீழே, 'மூணு போர் மோட்டாரை ஓட்ட நம்ம லைனைக் கருக்கிட்டாங்க.' போட்டோவை எடுத்த ஆள் யாரோ, எந்தப் பக்கத்தானோ தெரியாது. சாயங்காலம் வந்த லைன்மேன், பழைய டிரான்ஸ்பார்மர், எண்ணெய் கசிந்து ரொம்ப நாளாச்சு, ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்றார். அவர் சொன்னது ஊர் குரூப்புக்கும் போகவில்லை, காலனி குரூப்புக்கும் போகவில்லை. இரண்டு பக்கமும் இன்றைக்கு வரை அவரவர் தலைப்பைத்தான் நம்புகிறார்கள். எரிந்தது ஒரு டிரான்ஸ்பார்மர் என்பதால் அதோடு போயிற்று.

இதில் ஒன்று யோசித்துப் பாருங்கள். முன்பெல்லாம் தண்டோரா போட்டார்கள். காலனியிலிருந்து ஒருத்தரைக் கூப்பிட்டு, பறையைக் கொடுத்து, தெருத்தெருவாக நடக்கவிட்ட முறை. 2022 ஆகஸ்ட்டில் தலைமைச் செயலாளர் கலெக்டர்களுக்கு எழுதி, அதை நிறுத்தச் சொன்னார். நிறுத்த வேண்டியதுதான், அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் அந்தச் சத்தம் ஊருக்கும் கேட்டது, காலனிக்கும் கேட்டது. அதற்குப் பதிலாக நாம் கொண்டுவந்து வைத்திருக்கிற போன் ஒரு தெருவோடு நின்றுவிடுகிறது.

வாட்ஸ்அப் வந்துதான் நம்ம ஜனம் கெட்டது என்று கடையில் உட்கார்ந்து பேசுகிற பெரியவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் 2012 நவம்பர் 7ஆம் தேதியை ஞாபகப்படுத்துவேன். நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி. சாதி மாறி ஒரு கல்யாணம், பெண்ணின் அப்பா தற்கொலை, அதன்பின் சில மணி நேரத்துக்குள் மூன்று காலனியிலும் 200க்கு மேற்பட்ட வீடுகள் எரிந்தும் நொறுங்கியும் போயின. உதவிக்கு வண்டி வர முடியாதபடி மரத்தை வெட்டி ரோட்டில் போட்டிருந்தார்கள். அடுத்த வருஷம் ஜூலை 4 அன்று, கல்யாணம் செய்துகொண்ட அந்தப் பையன் தருமபுரியில் ரயில் தண்டவாளத்து ஓரம் பிணமாகக் கிடந்தான். அன்றைக்கு இங்கே பெரும்பாலோர் கையில் இருந்தது பட்டன் போன். வெறுப்பு போனுக்குள் பிறக்கவில்லை.

ஆனால் போன் அதை எவ்வளவு வேகமாகச் சுமக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினை. பேஸ்புக்கில் கன்னட நடிகர்களைக் கிண்டல் செய்தான் என்று பெங்களூரில் ஒரு தமிழ்ப் பையனை அடித்து, அதை வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். அது இங்கே வந்தது. ராமேஸ்வரத்தில் கர்நாடக வண்டி ஓட்டி வந்தவரை அடித்து வீடியோ எடுத்தார்கள். அது அங்கே போனது. செப்டம்பர் 12ஆம் தேதி பெங்களூரில் தமிழ்நாட்டு பஸ்களும் லாரிகளும் எரிந்தன. வேலைக்குப் போன நம்ம மாவட்டத்து ஜனம் கர்நாடக எல்லையில் இருக்கிற அத்திப்பள்ளியில் இறங்கி, மூட்டையோடும் குழந்தையோடும் தமிழ்நாட்டுப் பக்கத்து ஜூஜூவாடிக்கு நடந்தது உங்களில் பலருக்கு நேரில் தெரியும். அடித்தவர்கள் இரண்டு பக்கமும் பத்துப் பேர் இருப்பார்களா? பார்த்தவர்கள் லட்சம் பேர்.

இரண்டு வருஷம் கழித்து, 2018 மே மாதம், நம்ம பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில் போளூர் அருகே குலதெய்வம் கும்பிட வந்த ஒரு வயசான அம்மாவை, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதற்காக அடித்தே கொன்றார்கள். பிள்ளை பிடிக்கிற கும்பல் சுற்றுகிறது என்று அப்போது போன் போனாக ஆடியோ சுற்றிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் நாடு முழுக்க இப்படிச் சாவு விழுந்த பிறகுதான், 'ஃபார்வர்டு' என்கிற அடையாளமும் ஒரு மெசேஜை ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாது என்கிற கட்டுப்பாடும் வாட்ஸ்அப்பில் வந்தன. 2020 ஏப்ரலிலிருந்து, இரட்டை அம்புக்குறி போட்டு வருகிற மெசேஜை ஒரு தடவைக்கு ஒரு இடத்துக்குத்தான் அனுப்ப முடியும். அந்த இரட்டை அம்பைப் பார்த்தால் பலரும் இது முக்கியமான செய்தி என்று நினைக்கிறார்கள். கை மாறி மாறி வந்தது, எழுதியவன் யாரென்று தெரியாது என்பதற்குத்தான் அந்த அடையாளம். இதையாவது உங்கள் குரூப்பில் ஒரு தடவை சொல்லுங்கள்.

சரி, கம்பெனி செய்வதைக் கம்பெனி செய்யட்டும். உங்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். ஊர் குரூப் அட்மின் போனில் காலனி குரூப் அட்மின் நம்பர் இருக்க வேண்டும். காலனி அட்மின் போனில் ஊர் அட்மின் நம்பர் இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று குரூப்பில் வந்து விழுந்தால், அது பரவும் முன் ஒருத்தர் இன்னொருத்தருக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

சிரிக்காதீர்கள். இதை ஏற்கெனவே செய்து பார்த்த ஊர் இருக்கிறது. வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் என்று ஒரு நகரம். கத்தோலிக்கர் தெருவுக்கும் புராட்டஸ்டண்ட் தெருவுக்கும் நடுவில் சுவர் எழுப்பி வைத்திருக்கிறார்கள், இன்றைக்கும் பல இடத்தில் அந்தச் சுவர் நிற்கிறது. முப்பது வருஷச் சண்டையில் 3,500 பேருக்கு மேல் செத்தார்கள். 1998இல் பெரிய ஒப்பந்தம் கையெழுத்தானது உலகத்துக்கே தெரியும். அதற்குக் கொஞ்சம் முன்பே, சுவருக்கு இரண்டு பக்கமும் தெருவில் சொல்வாக்கு உள்ள சில பேருக்குச் செல்போன் கொடுத்தார்கள். அப்போது செல்போன் சாதாரண ஜனம் கையில் இல்லாத காலம். இந்தப் பக்கம் கல் விழுந்தால், பையன்கள் கூட்டம் சேர்ந்தால், 'உங்க ஆளுங்க திரண்டு வர்றாங்களாம், உண்மையா?' என்று அந்தப் பக்கத்துக்குப் போன் போகும். அவர் வெளியே வந்து பார்த்துச் சொல்வார். பொய் என்றால் பொய். உண்மை என்றால், அவர் தன் பக்கத்துப் பையன்களைக் கலைப்பார், இவர் தன் பக்கத்துப் பையன்களை வீட்டுக்கு அனுப்புவார். யாரும் சுவர் தாண்டிப் போய் நியாயம் பேசவில்லை. ஒருத்தரை ஒருத்தர் பிடித்துப்போக வேண்டிய அவசியமும் இல்லை. அவரவர் ஆட்களை அவரவர் பார்த்துக்கொள்வது, அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பது. எனக்கு இதில் பிடித்ததே இதுதான். நம்ம ஊரில் 'எல்லாரும் அண்ணன் தம்பியாக இருப்போம்' என்று மேடையில் பேசிவிட்டுப் போவார்களே, அதைவிட இது நடக்கக்கூடியது.

கென்யாவில் தானா ஆற்றுப் படுகையிலும் இப்படி ஒன்று உண்டு. அங்கே விவசாயம் செய்கிற பொகோமோ மக்களுக்கும் மாடு மேய்க்கிற ஒர்மா மக்களுக்கும் 2012, 2013இல் நடந்த மோதலில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். நாளைக்கு அவர்கள் தாக்க வருகிறார்கள் என்கிற வதந்தி அதில் பெரிய பங்கு வகித்தது. அதன்பிறகு ஒரு எஸ்எம்எஸ் சேவை தொடங்கினார்கள். காதில் விழுந்ததை ஜனம் எழுதி அனுப்பும். அந்தந்த ஊரில் இருக்கிற தொண்டர்கள் போய் விசாரிப்பார்கள். விசாரித்த பதில், வதந்தி கிளம்பிய பகுதிக்கே திரும்பப் போகும். சாதாரண பட்டன் போனில் நடந்த வேலை. உங்கள் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிற போன் அதைவிடப் பத்து மடங்கு கெட்டிக்காரப் போன்.

இனி, நம்ம மாவட்டத்தில் எது பெரிய ஆபத்து என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கோவில் திருவிழாத் தகராறு, பேனர் கிழிப்பு, சிலை அவமதிப்பு எல்லாம் இருக்கட்டும். ஒரு பையனும் பெண்ணும் ஊரை விட்டுப் போய்விட்டால் அடுத்த ஒரு மணி நேரத்தில் குரூப்பில் வருகிற போட்டோ இருக்கிறதே, அதுதான். காலேஜ் ஐடி கார்டிலிருந்தோ கல்யாண ஆல்பத்திலிருந்தோ வெட்டி எடுத்த பெண்ணின் முகம். பக்கத்தில் பையன். 'இவர்களை எங்கே கண்டாலும் இந்த நம்பருக்குத் தகவல் கொடுக்கவும்.' கீழே ஒரு மாமா நம்பர், ஒரு பெரியப்பா நம்பர். திருப்பூர் பஸ் ஸ்டாண்டில், ஓசூர் சிப்காட்டில், பெங்களூர் மெஜஸ்டிக்கில், எங்கெல்லாம் நம்ம ஆள் வேலை செய்கிறானோ அங்கெல்லாம் அது போய்விடும். பெற்றவர்கள் கதறலில் அனுப்புகிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் போட்டோவுக்குப் பதில் சொல்லப்போவது பெற்றவர்கள் மட்டும் இல்லை. தேடிப் போகிற வண்டியில் யார் ஏறுகிறார்கள் என்று அட்மினுக்குத் தெரியாது.

2018 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் இந்த விஷயத்தில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வயது வந்த இரண்டு பேர் கல்யாணத்தில் குறுக்கே நிற்க எந்த ஊர்க் கூட்டத்துக்கும் உரிமை இல்லை, மாவட்டத்துக்கு மாவட்டம் தனிப்பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும், தங்கப் பாதுகாப்பான வீடு ஏற்பாடு செய்ய வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆகவே மகளைக் காணோம் என்றால் போக வேண்டிய இடம் போலீஸ் ஸ்டேஷன். மைனர் பெண் என்றால் இன்னும் வேகமாகப் போக வேண்டிய இடம் அதுதான். உங்கள் குரூப்பில் அந்தப் போட்டோ விழுந்தால் அட்மின் நீங்கள் அழிக்கலாம். 2022லிருந்தே அட்மின் அமுக்கினால் எல்லார் போனிலிருந்தும் மறைகிற வசதி இருக்கிறது. அழித்துவிட்டு, போட்டவரைத் தனியாகக் கூப்பிட்டு, 'அண்ணே, ஸ்டேஷனுக்கு வாங்க, நானும் கூட வர்றேன்' என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து அட்மினுக்கு ஒரு போன். அங்கே பையன் வீட்டில் வயசான அம்மா அப்பா தனியாக உட்கார்ந்திருப்பார்கள். இங்கே கொதிப்பாக இருக்கிறது என்று அவர்களுக்கு நேரத்தில் தெரிவது பெரிய உதவி. இதை ஊரில் ஒருத்தன் செய்தால் 'துரோகி' என்பார்கள். தெரிந்துதான் சொல்கிறேன்.

சட்டப்படி எனக்கு என்ன வந்தது என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். வேறொருத்தர் போட்ட மெசேஜுக்கு அட்மினைக் குற்றவாளியாக்க முடியாது என்று கோர்ட்டுகளே சொல்லியிருக்கின்றன. 2021 டிசம்பரில், கரூர் வக்கீல்கள் குரூப் ஒன்றின் அட்மின் போட்ட மனுவில், அவர் அட்மினாக மட்டும்தான் இருந்தார் என்றால் வழக்கிலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டும் என்றது சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. ஆக, பயப்பட வேண்டியதில்லை. பயத்தில் செய்யச் சொல்லி நான் இதை எழுதவும் இல்லை. போட்டவரும் நீங்களும் கூட்டுச் சேர்ந்திருந்தால் மட்டும் கதை வேறு.

இன்னொரு விஷயம், கொஞ்சம் கசப்பானது. உங்கள் குரூப்பில் அதிகம் கத்துகிறவர்கள் யாரென்று கவனித்திருக்கிறீர்களா? ஊரில் இருக்கிறவர்கள் இல்லை. பெங்களூரில், திருப்பூரில், சில பேர் துபாயில் இருக்கிறார்கள். ஊரில் இருக்கிறவருக்குக் காலையில் ஆறு மணிக்குப் பால் சொசைட்டியில் அதே ஆளைப் பார்க்க வேண்டும், தக்காளி பறிக்கக் கூலிக்கு ஆள் கூப்பிட வேண்டும், ரேஷன் கடையில் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். அதனால் வாயை அளந்துதான் திறப்பார். வெளியூரில் ரூமில் படுத்துக்கொண்டு 'விடாதீங்கடா' என்று டைப் பண்ணுகிறவருக்கு மறுநாள் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. பதற்றமான நாட்களில் 'அட்மின் மட்டும் மெசேஜ் அனுப்பலாம்' என்கிற பட்டனைப் போட்டு வையுங்கள். இரண்டு நாள் குரூப் பேசாமல் இருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. எப்படிப் போடுவது என்று தெரியாவிட்டால் கடைக்கு வாருங்கள், காசு வேண்டாம்.

நம்பர் வாங்கி வைத்துக்கொண்டால் மட்டும் போதாது, சும்மா இருக்கிற நாளிலும் அதைப் பயன்படுத்தாவிட்டால் அவசரத்தில் கை போகாது. அதற்கு ஒரு பொதுக் குரூப் வேண்டும். பஞ்சாயத்து பேரில் ஒன்று, இரண்டு பக்கத்திலிருந்தும் அட்மின். கரண்ட் எப்போது போகும், ஒகேனக்கல் தண்ணீர் எந்தத் தெருவுக்கு என்றைக்கு, ரேஷனில் துவரம்பருப்பு வந்ததா, கடைசி பஸ் ஓடுகிறதா, மாடு காணோம், ரத்தம் வேண்டும், யார் வீட்டில் சாவு. இதற்கு மேல் எதுவும் கூடாது, அரசியல் கூடாது, குட்மார்னிங் படம்கூடக் கூடாது. முடிந்தால் ஒரு பெண்ணாவது அட்மினாக இருக்கட்டும். நான் பார்த்த வரையில் ஊர் பேர் போட்ட குரூப்புகளில் பெண் அட்மின் ஒருத்தரும் இல்லை. ஆனால் நூறு நாள் வேலையில் ஊருக்கும் காலனிக்கும் பேச்சுவார்த்தை ஓடுவது பெண்கள் மூலமாகத்தான்.

காலனித் தம்பிகள் சிலருக்கு இதைப் படித்ததும் என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். 'சமாதானம்' என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் கடைசியில் கேஸை வாபஸ் வாங்கு என்பார்கள், இதுவும் அதுதானே? அந்தச் சந்தேகம் அனுபவத்தில் வந்தது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடி விழுந்தால், சாதி சொல்லித் திட்டினால், வழியை மறித்தால் போக வேண்டியது வன்கொடுமைச் சட்டத்தின்படி புகார் கொடுக்க. அட்மினுக்குப் போன் போடுவது அதற்கு மாற்று இல்லை. டீக்கடை டம்ளரும் சுடுகாட்டுப் பாதையும் கோவில் வாசலும் வாட்ஸ்அப்பில் தீர்கிற வழக்குகள் இல்லை. நான் கேட்பது பொய்யால் வீடு எரியாமல் இருக்க ஒரு வழி. உண்மையான குறைகளுக்கு வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்று கேட்கவில்லை. ஊர்த் தம்பிகள் சிலர், 'அவங்க முதல்ல நம்பர் கொடுக்கட்டும்' என்பார்கள். பெரிய எண்ணிக்கையில் இருக்கிறவர்கள், நிலம் வைத்திருக்கிறவர்கள், யார் முதலில் கொடுக்க வேண்டும் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நிலைமை முற்றினால் அரசாங்கம் நெட்டை நிறுத்தும். 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு அந்த மாவட்டத்திலும் திருநெல்வேலி, கன்னியாகுமரியிலும் இன்டர்நெட் நிறுத்தப்பட்டது ஞாபகம் இருக்கும். அன்றைக்கு உங்கள் குரூப் இரண்டும் ஊமை. சாதாரணக் கால் போகும். அதனால் அந்த நம்பரை வாட்ஸ்அப்பில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் காண்டாக்டில் பேரோடு சேமியுங்கள். 'காலனி பையன்', 'ஊர் ஆளு' என்று சேமிக்காமல், அவருடைய பேரை எழுதிச் சேமியுங்கள்.

நேரில் போய் நம்பர் கேட்கக் கூச்சமாக இருந்தால், இரண்டு பேரும் என் கடையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், நான் மாற்றிக் கொடுத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கடை கிடையாது.

இப்படிக்கு,
பென்னாகரம் ரோடு செல்போன் கடைக்காரர்